தேர்வாய் கண்டிகை மேய்க்கால் நிலமும் நிறுவனங்களின் வழக்கு இடரும்

தேர்வாய் கண்டிகை, திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் அமைந்துள்ள ஒரு சிற்றூர். சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய ஏரிப்பாசனப் பகுதியில் இது உள்ளது. இன்று இவ்வூரின் பெயர் செய்தித்தாள்களில் இரண்டு காரணங்களுக்காக இடம்பெறுகிறது. ஒன்று, இங்குள்ள சிப்காட் தொழிற்பூங்கா. மற்றொன்று, சென்னைக் குடிநீருக்காகக் கட்டப்பட்ட கண்ணன்கோட்டை – தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம். அரை டி.எம்.சி. கொள்ளளவு கொண்ட இந்நீர்த்தேக்கம் 2020 நவம்பர் 21 அன்று திறந்து வைக்கப்பட்டது. மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 2012இல் இவ்வூரின் மேய்ச்சல் நிலம் தொடர்பாகப் பிரான்சு நாட்டின் தலைநகரான பாரிசில் ஒரு முறையீடு பதிவானது. ஆலை தமிழ்நாட்டில், அதன் தலைமையகம் பிரான்சில், புகார் செய்தவர்கள் இரு நாடுகளிலும். பெருநிறுவனங்களின் சட்டப் பிரிவுகள் இன்று 'வழக்கு இடர்' என்று கணக்கிட்டு அஞ்சும் ஒரு புதுவகை நெருக்கடிக்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் தெளிவான எடுத்துக்காட்டுகளில் இதுவும் ஒன்று.

வழக்கு இடர் என்றால் என்ன?

ஒரு நிறுவனத்தின் மீது எதிர்காலத்தில் வழக்கு வர வாய்ப்பு எவ்வளவு, வந்தால் இழப்பு எவ்வளவு என்பதை முன்கூட்டியே மதிப்பிடுவதையே வழக்கு இடர் மதிப்பீடு என்பர். முன்பெல்லாம் இந்தப் பட்டியல் சிறியது. வரி பாக்கி, ஒப்பந்த மீறல், தொழிலாளர் தகராறு, நிலத்தின் உரிமை மூலம் ஆகியவற்றோடு ஏறக்குறைய முடிந்துவிடும். எதிர்த் தரப்பு யார் என்பதும் தெரிந்திருக்கும்: வரித்துறை, சரக்கு தந்தவர், தொழிற்சங்கம், நிலத்தை விற்றவரின் பங்காளி.

இன்று அந்தப் பட்டியலில் சேர்ந்திருப்பவர்கள் நிறுவனத்தோடு எந்த ஒப்பந்தமும் இல்லாதவர்கள். ஆலைக்கு வெளியே ஆடு மேய்ப்பவர், கழிமுகத்தில் இறால் பிடிப்பவர், காற்றில் அமோனியா கலந்த இரவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர். இவர்களிடம் பட்டா இல்லை, பத்திரம் இல்லை, பங்குச் சான்றிதழும் இல்லை. ஆனாலும் இவர்கள் வழக்கின் தரப்பினராக முடியும் என்ற நிலை நாற்பது ஆண்டுகளில் சிறுகச் சிறுக உருவானது. அந்த வரலாற்றின் பல கட்டங்களில் திருவள்ளூர் மாவட்டத்துக்கு இடம் உண்டு.

போபாலிலிருந்து பாலாறு வரை

1984 டிசம்பர் 2 நள்ளிரவில் போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து நச்சு வாயு கசிந்தது. இந்திய அரசு அமெரிக்காவில் தொடுத்த வழக்கை அந்நாட்டு நீதிமன்றம் 1986 மே மாதம் ஏற்க மறுத்து, இந்தியாவிலேயே நடத்திக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பியது. 1989இல் 47 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. கூடுதல் இழப்பீடு கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2023 மார்ச் 14 அன்று தள்ளுபடி செய்தது. தாய் நிறுவனம் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டு நீதிமன்றத்தில் நியாயம் கேட்க முடியாது என்பதே போபால் அன்று உலக நிறுவனங்களுக்குத் தந்த ஆறுதல். அந்த ஆறுதல் பின்னாளில் கரைந்தது.

உள்நாட்டிலோ சட்டம் வேறு திசையில் நகர்ந்தது. தில்லியில் ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் வாயு கசிந்த வழக்கில், 1986 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் முழுப் பொறுப்புக் கோட்பாட்டை வகுத்தது. ஆபத்தான தொழிலை நடத்துபவர், தம் தவறு எதுவும் இல்லை என்று காட்டினாலும் இழப்பீட்டிலிருந்து தப்ப முடியாது. நிறுவனம் எவ்வளவு பெரிதோ இழப்பீடும் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்றும் அத்தீர்ப்பு கூறியது.

அடுத்த பெரிய தீர்ப்பு தமிழ்நாட்டு மண்ணிலிருந்து எழுந்தது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரால் பாலாறு பாழ்பட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பு வந்தது. 'மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும்', 'முன்னெச்சரிக்கை காக்க வேண்டும்' என்னும் இரு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதிகளே என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. ஒவ்வோர் ஆலையும் 10,000 ரூபாய் தண்டம் கட்ட வேண்டும் என்ற ஆணை பலருக்கு நினைவிருக்கும். தொகை சிறியது, ஆனால் மாசு தீங்கற்றது என்று மெய்ப்பிக்கும் சுமை இனி தொழில் நடத்துபவருடையது என்ற வரி சிறியதன்று. அத்தீர்ப்புக்கு உட்பட்ட ஐந்து மாவட்டங்களில் ஒன்று செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். கும்மிடிப்பூண்டியும் பொன்னேரியும் அன்று அதில்தான் இருந்தன. திருவள்ளூர் தனி மாவட்டமானது அதற்கு அடுத்த ஆண்டில், 1997இல்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதி

சென்னை – கொல்கத்தா நெடுஞ்சாலையும் இருப்புப் பாதையும் ஊரை ஒட்டிச் செல்வதும், சென்னை, எண்ணூர்த் துறைமுகங்கள் அருகில் இருப்பதும் கும்மிடிப்பூண்டியைத் தொழிற்பகுதியாக்கின. 1971இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மாநிலத் தொழில் மேம்பாட்டு நிறுவனம், அதாவது சிப்காட், இங்கு ஒரு வளாகத்தை அமைத்தது. இரும்பு உருக்காலைகளும் உருட்டாலைகளும் வேதிப்பொருள் ஆலைகளும் வந்தன. மாநிலத்தின் பல ஆலைகளிலிருந்து வரும் அபாயகரமான கழிவுகளைப் புதைக்கும் பொது வளாகமும் இங்கேதான் உள்ளது. வேலையும் வந்தது, புகையும் வந்தது. பழைய வளாகத்தில் இடம் நெருக்கடியானபோது, அரசின் பார்வை மேற்கே இருந்த பெரிய புறம்போக்கு நிலப்பரப்பின் மீது விழுந்தது.

புறம்போக்கு என்னும் சொல்

புறம்போக்கு என்பது ஆதியில் வசைச்சொல் அன்று. வரி விதிப்புக் கணக்குக்குப் புறத்தே போகும் நிலம் என்பதே அதன் பொருள். ஏரி, வாய்க்கால், சுடுகாடு, வண்டிப்பாதை, மந்தைவெளி, மேய்க்கால் என்று ஊர் முழுவதற்கும் பொதுவானவை எல்லாம் அதில் அடங்கும். யாருக்கும் உரியதல்ல என்பதால் அல்ல, எல்லாருக்கும் உரியது என்பதால்தான் அதற்கு வரி இல்லை. சென்னைப் பேச்சு வழக்கில் இச்சொல் திட்டாக மாறியதற்கும், அந்நிலங்கள் 'வெறும் நிலம்' என்று கருதப்பட்டதற்கும் தொடர்பு இல்லாமல் இருக்காது. எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றி டி. எம். கிருஷ்ணா 2017இல் பாடி வெளியிட்ட சென்னைப் புறம்போக்குப் பாடல் இந்தப் பொருள் மாற்றத்தையே பேசுபொருளாகக் கொண்டது.

ஒரு நிலம் எவ்வகையைச் சேர்ந்தது என்பதை வருவாய்த்துறையின் 'அ' பதிவேடு காட்டும். நிறுவனத்துக்காக நிலம் பார்க்கும் வழக்கறிஞர் வழக்கமாகக் கேட்பவை பட்டா, மூலப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று ஆகியவையே. அரசு புறம்போக்கை வகை மாற்றி சிப்காட்டுக்குக் கொடுத்து, சிப்காட் அதை நீண்டகாலக் குத்தகைக்கு ஒதுக்கினால், இந்த ஆவணங்களில் ஒரு கீறலும் இருக்காது. வில்லங்கம் இல்லாத நிலம் என்றுதான் அறிக்கை வரும். அந்த நிலத்தில் ஊரார் எத்தனை தலைமுறையாக மாடு மேய்த்தார்கள், விறகு பொறுக்கினார்கள், மூலிகை பறித்தார்கள் என்பது எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவாகாது.

இழப்பீட்டு விதியும் அப்படியே. பட்டா நிலத்தை அரசு எடுத்தால் அறிவிப்பு, விசாரணை, இழப்பீடு எல்லாம் உண்டு. புறம்போக்கை எடுத்தால் அரசு தன் நிலத்தைத் தானே எடுத்துக்கொண்டதாகவே சட்டம் கருதும். ஆகவே எதிர்ப்பவருக்கு வாதிட நிற்கும் இடமே இல்லாமல் போகும்.

தேர்வாய் கண்டிகையில் நடந்தது

தேர்வாய் கண்டிகையில் வாழ்பவர்களில் பெரும்பான்மையோர் தலித் மக்கள். ஊரை ஒட்டியிருந்த மேய்க்கால் நிலம் பல ஆண்டுகளாகச் சிறு காடாக வளர்ந்திருந்தது. சொந்த நிலம் இல்லாத அல்லது சிறிதளவே உள்ள குடும்பங்களுக்கு அந்தக் காடுதான் மேய்ச்சல் தரை. மழைநீர் அதன் வழியாகத்தான் ஏரிகளுக்கு ஓடிவந்தது. 2007இல் இதனைச் சிப்காட்டுக்கு மாற்ற அரசு முடிவு செய்தது. தொழிற்பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 1,100 ஏக்கர். ஊரார் எதிர்த்தனர். ஆர்ப்பாட்டங்கள், கிராம சபைத் தீர்மானம், நீதிமன்ற மனு, கைதுகள் என்று பல ஆண்டுகள் சென்றன. மரங்கள் வெட்டப்பட்டன.

பிரான்சின் கிளர்மோன்-பெரான் நகரில் 1889இல் தோன்றிய மிஷலன் டயர் நிறுவனம், 2009 நவம்பரில் தமிழ்நாடு அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. சுமார் 4,000 கோடி ரூபாய் முதலீட்டில், லாரி, பேருந்துகளுக்கான ரேடியல் டயர் ஆலை. பூங்காவின் 290 ஏக்கர் அதற்கு ஒதுக்கப்பட்டது.

இவ்விடத்தில் வரிசையைக் கவனிக்க வேண்டும். நிலத்தின் வகையை மாற்றும் முடிவு 2007இல், நிறுவனம் வந்தது 2009இல். சட்டப்படி பார்த்தால் நிலத் தகராறு ஊராருக்கும் அரசுக்கும் இடையிலானது. நிறுவனம் பின்னால் வந்த ஒரு குத்தகைதாரர் மட்டுமே. பழைய முறை இடர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு மதிப்பிட்ட எந்தச் சட்டப் பிரிவும் இதில் ஆபத்து அதிகமில்லை என்றுதான் எழுதியிருக்கும். அந்த மதிப்பீடு உள்ளூர்ச் சட்டப்படி தவறும் அன்று.

உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று அளித்த தீர்ப்பு இச்சூழலை ஓரளவு மாற்றியது. பஞ்சாபில் ஓர் ஊர்க் குளத்தைத் தனியார் ஆக்கிரமித்த வழக்கு அது. ஊர்ப் பொது நிலங்கள் நூற்றாண்டுகளாக மக்களின் வாழ்வாதாரமாக இருந்தவை என்று கூறிய நீதிபதிகள், தென்னிந்தியாவின் மந்தைவெளியையும் புறம்போக்கையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டனர். ஆக்கிரமிப்புகளை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்றும் ஆணையிட்டனர். எனினும் அத்தீர்ப்பின் இலக்கு தனியார் ஆக்கிரமிப்பு. அரசே வகை மாற்றித் தொழிற்சாலைக்குக் கொடுக்கும்போது அது முழுமையாகக் கைகொடுப்பதில்லை.

பாரிசில் ஒரு முறையீடு

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் மேம்பாட்டு அமைப்பு, பன்னாட்டு நிறுவனங்களுக்கான வழிகாட்டு நெறிகளை 1976இல் வெளியிட்டது. இந்நெறிகளை ஏற்ற நாடுகள் ஒவ்வொன்றும் 'தேசியத் தொடர்பு மையம்' ஒன்றை நடத்த வேண்டும். எந்த நாட்டவரும் அங்கே புகார் செய்யலாம். 2011இல் நெறிகள் திருத்தப்பட்டபோது மனித உரிமை பற்றிய தனி இயல் சேர்ந்தது. ஐக்கிய நாடுகள் அவை அதே ஆண்டு ஏற்றுக்கொண்ட தொழில், மனித உரிமை வழிகாட்டுக் கொள்கைகளின் தாக்கம் அது. நிறுவனம் தானே தீங்கு செய்யாவிட்டாலும், தன் தொழில் உறவுகள் வழியாக நேரும் தீங்கைக் கண்டறிந்து தடுக்க முயல வேண்டும் என்பது அதன் சாரம்.

இந்தியா அந்த அமைப்பின் உறுப்பு நாடு அன்று. இங்கே தொடர்பு மையம் இல்லை. ஆகவே தேர்வாய் கண்டிகை ஊராரின் சங்கமும் தமிழ்நாடு நில உரிமைக் கூட்டமைப்பும், பிரெஞ்சு அமைப்புகளான சிசிஎஃப்டி – தெர் சொலிதேர், ஷெர்பா, செஜெதே தொழிற்சங்கம் ஆகியவற்றுடன் சேர்ந்து 2012 ஜூலையில் பிரான்சின் தொடர்பு மையத்தில் முறையிட்டன. நிறுவனத்தின் சொந்த நாட்டிலுள்ள ஒரு தொழிற்சங்கம், கும்மிடிப்பூண்டி வட்டத்து மேய்ச்சல்காரர்களோடு ஒரே மனுவில் கையெழுத்திட்டது என்பது அன்றைக்குப் புதுமை. மனித உரிமை, சுற்றுச்சூழல் தாக்கங்களை முன்கூட்டியே ஆராய்வதில் நிறுவனம் போதிய கவனம் காட்டவில்லை என்பது முறையீட்டின் மையக் குற்றச்சாட்டு.

தொடர்பு மையம் நீதிமன்றம் அன்று. அரசு, தொழிற்சங்கம், முதலாளிகள் ஆகிய முத்தரப்பினரும் அமரும் ஓர் அவை அது. தண்டம் விதிக்கவோ ஆலையை நிறுத்தவோ அதற்கு அதிகாரம் இல்லை. 2013 செப்டம்பர் 27 அன்று வந்த அதன் இறுதி அறிக்கை, நிறுவனம் நெறிகளை அடியோடு மீறியதாகக் கருதவில்லை. ஆனால் தாக்க ஆய்வுகளில் குறை உள்ளது என்றும் மேலும் ஆய்வுகள் நடத்த வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. முறையிட்டவர்கள் அறிக்கையின் போக்கை ஏற்காமல் முறையீட்டிலிருந்து விலகிக்கொண்டனர். அதன் பிறகும் மையம் பரிந்துரைகளின் நிறைவேற்றத்தைக் கண்காணித்து வந்தது.

யாருக்கு வெற்றி என்று கேட்டால் நேரான விடை இல்லை. ஆலை இயங்கியது, மேய்க்கால் திரும்பி வரவில்லை. ஊராரின் கணக்கில் இது தோல்விதான், அதை மழுப்புவதற்கில்லை. நிறுவனத்தின் சட்டப் பிரிவோ, குத்தகைப் பத்திரத்தில் ஒரு குறையும் இல்லாத ஒரு நிலத்துக்காக, தன் சொந்த நாட்டு நிதியமைச்சகக் கட்டடத்தில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பதில்கள் பொதுவெளியில் பதிவாயின. பங்குதாரர்களும் செய்தியாளர்களும் அவற்றைப் படித்தனர்.

மென்மையான நெறி கடுமையான சட்டமானது

தேர்வாய் கண்டிகை அறிக்கை வருவதற்கு ஐந்து மாதங்களுக்கு முன், 2013 ஏப்ரல் 24 அன்று, வங்காளதேசத்தில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்ட தையல் தொழிலாளர்கள் இறந்தனர். ஐரோப்பியத் துணிக்கடைகளின் சீட்டுகள் இடிபாடுகளில் கிடைத்தன. தன்னார்வ நெறிகளால் பயனில்லை என்ற வாதம் இதன்பின் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் வலுப்பெற்றது. 2017 மார்ச் 27 அன்று 'விழிப்புக் கடமை' சட்டம் வந்தது. பிரான்சில் 5,000 அல்லது உலக அளவில் 10,000 பணியாளர்களுக்கு மேல் கொண்ட நிறுவனங்கள், தம் துணை நிறுவனங்களும் ஒப்பந்ததாரர்களும் உண்டாக்கக்கூடிய தீங்குகளைக் கண்டறிந்து ஆண்டுதோறும் திட்டம் வெளியிட வேண்டும். தவறினால் நீதிமன்றம் செல்லலாம். ஒரு கோடி யூரோ வரை தண்டம் விதிக்கும் பிரிவை மட்டும் அந்நாட்டு அரசியலமைப்பு மன்றம் நீக்கிவிட்டது. இச்சட்டத்தின் கீழ் ஒரு வழக்கு முழுதாக விசாரிக்கப்பட்டு முதல் தீர்ப்பு வர 2023 டிசம்பர் ஆயிற்று. அதில் சிக்கியது அந்நாட்டு அஞ்சல் நிறுவனம்.

செருமனியில் இதே போன்ற விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொதுவான கட்டளை ஒன்றைப் பிறப்பித்தது. தொழில்துறையினரின் எதிர்ப்பால் 2025 ஏப்ரலில் அதன் காலக்கெடு தள்ளி வைக்கப்பட்டது. ஆகவே இப்பாதை முன்னேற்றம் மட்டுமே கொண்டது என்று சொல்ல இயலாது.

தாய் நிறுவனத்தை அதன் சொந்த நாட்டில் வழக்குக்கு இழுக்கும் முயற்சியும் போபால் காலத்து நிலையில் இல்லை. சாம்பியாவின் செம்புச் சுரங்க மாசுக்காக அந்நாட்டுச் சிற்றூர் மக்கள் லண்டனில் வேதாந்தா மீது தொடுத்த வழக்கை நடத்தலாம் என்று பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரல் 10 அன்று கூறியது. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை நடத்தியதும் அதே வேதாந்தா குழுமந்தான். அதே ஆண்டு பிப்ரவரியில், குசராத்தின் முந்த்ரா அனல்மின் நிலையத்துக்குக் கடன் கொடுத்த உலக வங்கிக் குழும நிறுவனத்துக்கு முழு விலக்குரிமை இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முந்த்ரா மீனவர்களின் வழக்கு பின்னர் கீழ் நீதிமன்றங்களில் நிலைக்கவில்லை. ஆயினும் கடன் கொடுப்பவர்களின் வழக்கறிஞர்களும் அன்று முதல் கடலோரக் குப்பங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினர்.

தமிழ்நாட்டின் இரு பாடங்கள்

கொடைக்கானல் வெப்பமானி ஆலை 2001இல் பாதரசக் கழிவு விவகாரத்தால் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்களின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் பத்தாண்டு நடந்தது. 2016 மார்ச்சில் இந்துஸ்தான் யூனிலீவர் 591 முன்னாள் தொழிலாளர்கள், அவர்தம் குடும்பத்தினருடன் உடன்பாடு செய்துகொண்டது. முந்தைய ஆண்டு இணையத்தில் பரவிய ஒரு ராப் பாடல் லண்டன் தலைமையகம் வரை எட்டியது என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆலை மூடிப் பதினைந்து ஆண்டுகள் ஆனபின் வந்த செலவு அது.

ஸ்டெர்லைட்டின் கதை இன்னும் கசப்பானது. 2013 ஏப்ரல் 2 அன்று உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்து ஆலை இயங்க அனுமதித்தது. நிறுவனத்தின் கணக்கில் அது சமாளிக்கக்கூடிய தொகை. 2018 மே 22, 23 தேதிகளில் போராட்டக்காரர்கள் மீதான காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். ஆறு நாட்களில் ஆலை மூடப்பட்டது. மூடியது சரியே என்று உயர் நீதிமன்றம் 2020 ஆகஸ்டிலும் உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 29 அன்றும் உறுதி செய்தன. நீதிமன்றத்தில் கட்டிய தொகையை மட்டும் எண்ணி இடரை அளந்தவர்கள் ஊரின் பொறுமையை எண்ணத் தவறினர்.

கடற்கரைப் பக்கம்

திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கோரத்தில் வழக்குகள் வேறு வடிவில் வந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2010இல் அமைக்கப்பட்டு, அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் இயங்குகிறது. பொன்னேரியிலிருந்தோ காட்டுப்பள்ளியிலிருந்தோ ஒருவர் காலையில் புறப்பட்டால் மதியத்துக்குள் மனு கொடுத்துத் திரும்பலாம். தில்லிக்குப் போக வேண்டியதில்லை, பெரும் கட்டணமும் இல்லை. காலக்கெடு மட்டும் கண்டிப்பானது: பொதுவான சுற்றுச்சூழல் தகராறுகளுக்கு ஆறு மாதம், இழப்பீட்டுக்கும் சீரமைப்புக்கும் ஐந்து ஆண்டு. தவறு இல்லாவிட்டாலும் பொறுப்பு உண்டு என்ற கொள்கை அதன் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. யாரும் மனு கொடுக்காமலே தீர்ப்பாயம் தானாக வழக்கெடுக்கலாம் என்று 2021 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

இதன் பொருள் 2023 டிசம்பரில் வட சென்னைக்கும் எண்ணூருக்கும் விளங்கியது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வெளியேறி, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசத்தலையாற்றுக் கழிமுகம் எங்கும் படர்ந்தது. படகும் வலையும் கறுத்தன. செய்தித்தாள் செய்தியை வைத்தே தீர்ப்பாயம் வழக்கெடுத்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்றுமுன், எண்ணூரில் கோரமண்டல் உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் இருட்டில் வீதிக்கு ஓடினர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தீர்ப்பாயம் மறுபடியும் தானே வழக்கெடுத்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏறத்தாழ 5.92 கோடி ரூபாயைச் சுற்றுச்சூழல் இழப்பீடாகக் கணக்கிட்டது. உரிய துறைகளின் தடையில்லாச் சான்று பெற்ற பிறகே ஆலை மறுபடி இயங்கலாம் என்று 2024 மே மாதம் தீர்ப்பாயம் ஆணையிட்டது. பழைய காலத்தில் ஒரு வழக்கு தொடங்க வக்கீல் அறிவிப்பு வரும், பதிலளிக்க அவகாசம் இருக்கும். இங்கே விபத்து நடந்த மறுநாளே வழக்கும் தொடங்கிவிடுகிறது.

அரசு நிறுவனங்களும் விலக்கல்ல. அத்திப்பட்டு, வல்லூர் பகுதி அனல்மின் நிலையங்களின் சாம்பல் கழிமுகத்தை மூடியது பற்றிய வழக்கில், 2022 ஜூலையில் தீர்ப்பாயம் சீரமைப்புக்கு விரிவான ஆணைகளைப் பிறப்பித்தது.

சட்டப் பிரிவுகளில் நேர்ந்த மாற்றம்

2023ஆம் ஆண்டின் ஜன் விசுவாஸ் திருத்தச் சட்டம், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் இருந்த சிறைத் தண்டனைகள் பலவற்றை நீக்கி, 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரையிலான தண்டமாக மாற்றியது. இயக்குநர்களுக்குச் சிறை அச்சம் குறைந்தது உண்மை. ஆனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களே சீரமைப்பு இழப்பீடு விதிக்கலாம் என்று 2025 ஆகஸ்டு 4 அன்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஒரு கதவு சாத்தினால் இன்னொன்று திறக்கிறது. இது போதாதென்று, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள் 2022–23 முதல் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கையைக் கட்டாயம் வெளியிட வேண்டும் என்று செபி விதித்தது. அவ்வறிக்கையில் எழுதியது ஒன்று, ஆலை வாயிலில் நடப்பது வேறொன்று என்றால், அந்த அறிக்கையே எதிர்த் தரப்பின் சான்றாவணமாகும். 2024 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படும் உரிமையையும் அடிப்படை உரிமையாக ஏற்றுக்கொண்டது. கடல் மட்டத்தை ஒட்டிய எண்ணூர், பழவேற்காட்டுப் பகுதிகளில் இதன் விளைவு இனிமேல்தான் தெரியவரும்.

நிலச் சட்டமோ எதிர்த் திசையில் நகர்ந்திருக்கிறது. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், நிலவுடைமை இல்லாத ஆனால் அந்நிலத்தை நம்பி வாழும் குடும்பங்களையும் பாதிக்கப்பட்டவர்களாகக் கணக்கில் எடுத்தது. தமிழ்நாடு தன் தொழில் நோக்க நிலச் சட்டத்துக்கு அதிலிருந்து விலக்குப் பெற்றது. 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் அவ்விலக்கைச் செல்லாதென்றது. மாநிலம் புதுச் சட்டம் இயற்றி மீட்டது; 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 2023 ஏப்ரலில் நிறைவேறி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம், 100 எக்டேருக்குக் குறையாத பெருந்திட்டங்களுக்கு நீர்நிலைகள் அடங்கிய அரசு நிலங்களையும் சேர்த்து வழங்க வழி செய்கிறது. நீர்க் கொள்ளளவு குறையக் கூடாது என்ற நிபந்தனை அதில் உண்டு. மேய்ச்சல் குறைவதைப் பற்றி அவ்வாறு ஒரு நிபந்தனையைத் தேடினால் கிடைப்பது அரிது.

கும்மிடிப்பூண்டி வட்டத்தில் இன்று நிலம் தேடும் பன்னாட்டு நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் வில்லங்கச் சான்றோடு 'அ' பதிவேட்டின் பழைய நகலையும் கிராம சபைத் தீர்மானப் புத்தகத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. நிலம் 1,127 ஏக்கரானாலும் ஏழு ஏக்கரானாலும், அது முன்பு எந்த வகையில் இருந்தது, யார் மாடு அங்கே மேய்ந்தது என்ற கேள்விக்கு விடை அங்கேதான் கிடைக்கும்.